தாராவி மறுசீரமைப்பு: சாலையை அகலமாக்குவதா, வாசலைத் திறப்பதா?

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியின் வரைபடத்தை விரித்தால் சாலைகளுக்கு முன்னால் தடுப்புகள்தான் கண்ணில் படும். மேற்கே மாஹிம் வழியாகப் போகும் மேற்கு ரயில்வே தடம், கிழக்கே சயான் வழியாகப் போகும் மத்திய ரயில்வே தடம், வடக்கே மித்தி ஆறு. நடுவில் இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நிலம். உள்ளே எத்தனை சந்து இருந்தாலும், வண்டி வெளியேற விரல்விட்டு எண்ணக்கூடிய வாசல்களே உண்டு: சயான் பக்கத்துப் பாலங்கள், மாஹிம் பக்கம், கலாநகருக்கும் பி.கே.சி. எனும் பாந்த்ரா-குர்லா வணிக வளாகத்துக்கும் போகும் சயான்-பாந்த்ரா லிங்க் ரோடு, தெற்கே மாட்டுங்கா பக்கம்.

குடிசைகளை எடுத்துவிட்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் கட்டும் மறுசீரமைப்பின் மாஸ்டர் பிளானுக்கு மாநில அரசு 2025 மே மாதம் ஒப்புதல் அளித்துவிட்டது. இனிச் சாலைகளைப் பற்றிய பேச்சுதான் சொசைட்டி கமிட்டிகளுக்கும் சங்கங்களுக்கும் வரும். அகலச் சாலை வேண்டுமா, மேம்பாலம் வேண்டுமா என்று கேட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் மேம்பாலத்துக்குக் கை தூக்குவார்கள். கையை உயர்த்துவதற்கு முன் ஐந்து வழிகளை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பணம் முதலில் வாசலுக்கும் சந்திப்புக்கும் போகவேண்டும்; கார் நிறுத்த இடத்தின் எண்ணிக்கை குறையவேண்டும்; மேம்பாலம் கடைசி.

இதற்கு ஆதாரம் தேடி வெளியூர் போகவேண்டாம். 1912-இல் கட்டிய சயான் ரயில் மேம்பாலம், ஐந்தாவது, ஆறாவது ரயில் தடம் போடுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடப்பட்டது. தாராவிக்குள் ஒரு சாலையும் ஓர் அடிகூடக் குறுகவில்லை. மூடியது ஒரு வாசல் மட்டுமே. அந்த வண்டிகள் சயான் மருத்துவமனைப் பக்கமும் சுலோச்சனா ஷெட்டி சாலையிலும் கும்பார்வாடா பக்கமும் திரும்பி அங்கெல்லாம் வரிசை கட்டின. தாராவியின் கொள்ளளவைத் தீர்மானிப்பது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைக்காது.

எதை வைத்து அளப்பது

சாலைக் கணக்கில் எல்லா வண்டியையும் காராக மாற்றி எண்ணுவார்கள். அந்த அலகுக்கு பி.சி.யு. என்று பெயர். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106 என்ற விதிநூலில் கார் 1, பைக் 0.5 முதல் 0.75, ஆட்டோ 1.2 முதல் 2. லாரி அல்லது பஸ் 2.2 முதல் 3.7, கைவண்டி 2 முதல் 3. அந்த வகை வண்டி மொத்தத்தில் 5 சதவீதம் என்றால் சிறிய எண், 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் பெரிய எண்.

கைவண்டிக்கு ஏன் இத்தனை? ஆள் நடக்கும் வேகத்தில் போய்ப் பின்னால் வரும் எல்லாவற்றையும் அதே வேகத்துக்கு இழுத்துவிடும். பதிமூன்றாவது காம்பவுண்டின் மறுசுழற்சிச் சரக்கு, தோல், கும்பார்வாடாவின் பானை, தையல் கூடங்களின் துணி மூட்டை எல்லாம் கைவண்டியிலும் டெம்போவிலும்தான் நகர்கின்றன. போக்குவரத்து அறிக்கை ஒன்று கையில் கிடைத்தால் முதலில் கைவண்டிக்குத் தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். அதை 'இதர' என்று ஒதுக்கியிருந்தால் மற்ற எண்களைப் பார்ப்பது வீண்.

முதல் வழி: உள்சாலையை அகலமாக்குவது

தாராவியின் முக்கியச் சாலைகளின் பெயரே 90 அடி ரோடு, 60 அடி ரோடு. 90 அடி என்றால் 27.4 மீட்டர், 60 அடி என்றால் 18.3 மீட்டர். பெயரில் உள்ள அந்த அகலம் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை. இரண்டு பக்கமும் நிற்கும் வண்டி, கடை முன்வாசல், ஏற்றி இறக்கும் டெம்போ ஆகியவை போக மிச்சம்தான் ஓடும் சாலை.

அதே ஐ.ஆர்.சி. 106 ஒரு நல்ல ஒப்பீட்டைத் தருகிறது. நடுத்தடுப்பு இல்லாத நான்கு தடச் சாலையில் வண்டி நிறுத்தாமல், கடை வாசல் மட்டும் திறந்திருந்தால் மணிக்கு 2400 பி.சி.யு. அதே அகலத்தில் வண்டியும் நின்று, குறுக்கே ஆளும் வண்டியும் புகுந்துகொண்டிருந்தால் 1800. ஒரு செங்கல்லையும் இடிக்காமல் 600 பி.சி.யு. வித்தியாசம். அகலப்படுத்திய புதுச் சாலையின் ஓரத்தில் ஆறே மாதத்தில் வண்டி நிற்க ஆரம்பித்தால் அந்த 600 திரும்பப் போய்விடும்.

அதனால் அகலப்படுத்துவதே தவறு என்றல்ல. தீயணைப்பு வண்டி நுழையவும், ஆம்புலன்ஸ் திரும்பவும், மழைநீர் வடிகாலும் குடிநீர்க் குழாயும் மின்கேபிளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பதிக்கவும் அகலம் வேண்டும். நடைபாதைக்கு ஐ.ஆர்.சி. 103 சொல்லும் குறைந்தபட்சத் தடையற்ற அகலம் 1.8 மீட்டர், கடைத்தெருவில் 2.5. இந்தக் காரணங்களுக்காக அகலம் கேட்பது நியாயம். நெரிசல் தீரும் என்று கேட்டால் ஏமாற்றம்தான், ஏனென்றால் அகலச் சாலை வண்டியை வாசலுக்கு முன்பைவிட வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே. வரிசை நிற்கும் இடம்தான் மாறும்.

18 மீட்டர்ச் சாலையை எப்படிப் பிரிப்பது என்பதில் எங்கள் விருப்பம் இது: இரண்டு பக்கமும் 2.5 மீட்டர் நடைபாதை, இரண்டு பக்கமும் ஏற்றி இறக்க 2.5 மீட்டர் ஒதுக்கம், நடுவே 8 மீட்டர் ஓடுபாதை. நான்கு தடமாக்கி ஓரத் தடம் இரண்டையும் டெம்போவுக்குப் பறிகொடுப்பதைவிட, அந்த இடம் டெம்போவுக்குத்தான் என்று ஒத்துக்கொண்டு வரைவது மேல்.

இரண்டாம் வழி: ஜோடிச் சாலைகளை ஒருவழியாக்குவது

விலை குறைந்த வழி. இருவழியாக ஓடும் இரண்டு தடச் சாலை, கடைத்தெரு நிலையில் 900 பி.சி.யு. தாங்கும். அதையே ஒருவழியாக்கினால் 1400. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சாலை இருந்தால் 1800 என்பது 2800 ஆகிறது. பெயின்ட், பலகை, சில தடுப்புகள், இரண்டு மாதம் போலீஸ்காரர் நிற்பது. இவ்வளவுதான் செலவு.

சறுக்கல் எங்கே? இரண்டு சாலைக்கும் இடையே 200 மீட்டருக்கு மேல் போனால் யாரும் சுற்றிவர மாட்டார்கள், எதிர்த்திசையில் நுழைவார்கள். கைவண்டிக்காரர் எந்த நிலையிலும் சுற்றமாட்டார், அரை டன் சரக்கை உடம்பால் தள்ளுகிறவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவருக்கு எதிர்த்திசையில் 2.5 மீட்டர்த் தனித்தடம் வரைந்து கொடுத்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். பஸ் போகும்போது ஒரு சாலை, வரும்போது வேறு சாலை என்றாகும்; வயதானவர்களுக்கு நடை கூடும். ஒருவழியில் வேகமும் கூடும், ஆகவே பள்ளி வாசல்களில் மேடான கடவுப்பாதை கட்டாயம்.

மூன்றாம் வழி: மேம்பாலம்

ஐ.ஆர்.சி. 92-இன் அளவுகோல்படி, சந்திப்பில் சேரும் எல்லாச் சாலைகளிலும் சேர்த்து மணிக்கு 10,000 பி.சி.யு. தாண்டினால்தான் ஒரு சாலை மேலே, ஒரு சாலை கீழே போகும் அடுக்குச் சந்திப்பைப் பற்றி யோசிக்கவேண்டும். ஆனால் அந்த எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த 10,000-இல் நில்லாமல் கடந்துபோகிறவர் எத்தனை பேர்? மேம்பாலம் கடந்துபோகிறவருக்குத்தான் உதவும். புதுக் கோபுரங்களில் குடியிருப்பவரும் அங்கே வேலைக்கு வருபவரும் கீழே இறங்கியே ஆகவேண்டும். இறங்கும் இடத்தில் அதே சிக்னல், அதே வரிசை. நம்பர் பிளேட்டைக் குறித்து எடுக்கும் சர்வே இல்லாமல் மேம்பாலம் வரைவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவது.

அளவையும் பாருங்கள். கீழே 5.5 மீட்டர் உயரம் விடவேண்டும், தளத்தின் தடிமன் சுமார் 2 மீட்டர், ஆக 7.5 மீட்டர் ஏறவேண்டும். 30-க்கு 1 என்ற சரிவில் ஒரு பக்கத்துக்கு 225 மீட்டர், வளைவுகள் தனி. ரயில் மின்கம்பிக்கு மேலே போவதானால் இன்னும் உயரம். அந்த 225 மீட்டரில் தரைக்கு அருகே உள்ள பகுதி கெட்டிச் சுவராக இருக்கும். அதில் குறுக்கே நடக்க முடியாது. அகலத்துக்கு இரண்டு தடப் பாலம் 8.5, இரண்டு பக்கமும் சர்வீஸ் ரோடு 6 வீதம் 12, நடைபாதை 2.5 வீதம் 5, மொத்தம் 25.5 மீட்டர். 60 அடி ரோட்டில் இதற்கு இடமே இல்லை. 90 அடி ரோட்டில் அடங்கும், ஆனால் இரு பக்கமும் ஒரு மீட்டருக்குக் குறைவான மிச்சத்தோடு. நகைக்கடை, துணிக்கடை, மளிகை எல்லாம் பாலத்து நிழலுக்குள் போகும். பொங்கல் அன்று அந்தத் தெருவில் வரிசையாகப் பானை வைப்பவர்கள் அடுப்பை எங்கே மூட்டுவார்கள் என்பதை எந்த அறிக்கையும் கணக்கில் எடுக்காது.

மேம்பாலத்துக்கு ஒரே ஒரு நல்ல இடம் உண்டு: வாசல். ரயில் தடத்தைக் கடப்பதற்கு. சுரங்கப்பாதை போதாதா என்று கேட்பவர்கள் ஜூலை மழையில் மூழ்கும் அந்தேரி சப்வேயையும் மிலன் சப்வேயையும் நினைத்துக்கொள்ளவேண்டும். தாராவி தாழ்ந்த, சதுப்பாக இருந்த நிலம், மித்தி பக்கத்திலேயே. கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே மணியில் வந்தால் வடிகாலின் வாயே தண்ணீருக்கடியில் இருக்கும், பம்ப் இறைக்கும் நீருக்குப் போக இடம் இருக்காது. ஆகவே ரயிலைக் கடக்க மேலே போகும் பாலம், கீழே போகும் பாதை வேண்டாம். ஆனால் மேலே போவதற்கு ரயில்வேயின் அனுமதி, ரயிலை நிறுத்திவைத்து வேலை பார்க்கும் மெகா பிளாக் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள், ரயில் தடத்துக்கு மேலே கர்டர் எனும் பாலத்து உத்திரத்தை ஏற்றுவது என்று எல்லாம் நாள் பிடிக்கும். இதனால்தான் வாசல் வேலை முதலில் தொடங்கவேண்டும் என்கிறோம். கடைசியில் தொடங்கினால் கோபுரத்தில் ஆள் குடியேறிய பின்னும் பாலம் பாதியில் நிற்கும்.

வாசல் என்றால் வண்டிக்கு மட்டுமல்ல. தடத்தைக் கடக்க 6 மீட்டர் அகலமுள்ள நடைமேம்பாலம் இரண்டு போட்டால், ஆட்டோவில் சுற்றிப் போகிற பலர் நடந்தே போவார்கள். செலவு வண்டிப் பாலத்தில் சிறு பங்கு.

நான்காம் வழி: சந்திப்பைத் திருத்துவது

சிக்னலில் பச்சை விழும்போது எத்தனை வண்டி போகும் என்பது கோட்டருகே உள்ள அகலத்தைப் பொறுத்தது. வழக்கமான சூத்திரம்: அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்கு. 9 மீட்டர் இருந்தால் பச்சை எரியும் ஒரு மணிக்கு 4725 பி.சி.யு. கோட்டருகே இரண்டு மீட்டரை நிற்கும் ஆட்டோ பிடித்துக்கொண்டால் 3675. ஒரே ஒரு வண்டி நிற்பதால் 22 சதவீதம் போச்சு. சிக்னல் கோட்டிலிருந்து 50 மீட்டருக்கு வண்டி நிறுத்தத் தடை, பஸ் ஸ்டாப்பைச் சந்திப்பைத் தாண்டி 75 மீட்டருக்கு நகர்த்துவது. தாராவி டி-ஜங்ஷன் போன்ற இடத்தில் எந்தக் கான்கிரீட்டும் இவ்வளவு சீக்கிரம் பலன் தராது.

அடுத்து, சிக்னலின் சுற்று நேரம். வெப்ஸ்டர் சூத்திரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டி, மிச்சக் கொள்ளளவால் வகுப்பார்கள். நான்கு முறை தனித்தனியே பச்சை விழும் நான்கு கட்டச் சிக்னலில் 16 விநாடி வீணாகிறது, சந்திப்பு 80 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வையுங்கள்: 29-ஐ 0.2-ஆல் வகுத்தால் 145 விநாடி. நிரம்பல் 85 சதவீதமானால் 193. 90 ஆனால் 290, கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். புதுக் குடியிருப்பால் பத்தே சதவீதம் கூடுகிறது, சமாளிக்கலாம் என்று அறிக்கை சொன்னால், எந்தச் சந்திப்பில், எதிலிருந்து எதற்கு என்று கேட்கவேண்டியது இதனால்தான். வலப்பக்கத் திருப்பம் ஒன்றைத் தடைசெய்து மூன்று கட்டமாக்கினால் வீண்நேரம் 12 ஆகும். அதே 80 சதவீதத்துக்குச் சுற்று 115 விநாடி. தடைசெய்த திருப்பம் அடுத்த சந்திப்பில் போய் யு-டர்ன் அடிக்கும் என்பதால் அங்கேயும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும்.

நடப்பவருக்கான பச்சையைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். 14 மீட்டர்ச் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 12 விநாடி, கால் எடுத்து வைக்க 7, ஆக 19. இதைக் கொடுக்காத சிக்னலில் ஜனங்கள் கிடைத்த நேரத்தில் கடப்பார்கள், வண்டியின் பச்சையும் வீணாகும். கேமரா வைத்த தானியங்கிச் சிக்னலை எல்லாத் திட்டத்திலும் சேர்க்கிறார்கள். 70 சதவீதம் நிரம்பிய சந்திப்பில் அது உபயோகம். 95-ஐத் தொட்ட சந்திப்பில் எதைத்தான் பகிர்ந்தளிக்கும்?

ஐந்தாம் வழி: கார் நிறுத்த இடத்தைக் குறைப்பது

கூட்டங்களில் கைதட்டல் வாங்காத வழி இது. ஆனால் மொத்தக் கணக்கும் இங்கேதான் இருக்கிறது.

மும்பையின் 2034 வளர்ச்சி விதிகளில் குடியிருப்புக்கான பொதுக் கணக்கு, வீட்டின் கார்ப்பெட் பரப்பை, அதாவது சுவருக்குள் உள்ள பரப்பை வைத்து. 45 சதுர மீட்டர்வரை நான்கு வீட்டுக்கு ஒரு கார் இடம். 60 வரை இரண்டு வீட்டுக்கு ஒன்று. 90 வரை வீட்டுக்கு ஒன்று. அதற்கு மேல் வீட்டுக்கு இரண்டு. தகுதியுள்ள தாராவிக் குடும்பத்துக்கு அறிவித்திருக்கும் 350 சதுர அடி என்பது 32.5 சதுர மீட்டர். ஆக அப்படிப்பட்ட ஆயிரம் வீட்டுக்கு 250 கார் இடம். விற்பனைக்கான பெரிய வீடு ஆயிரத்துக்கு 2000. எட்டு மடங்கு. 'மறுகுடியமர்வால் நெரிசல்' என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் மேசையில் வைக்கலாம்.

கணக்குக்காக, காலை நெரிசல் மணியில் நாலில் ஒரு கார் வெளியே வரும் என்று கொள்வோம். 2000 இடத்திலிருந்து 500 கார். இருதடக் கடைத்தெருச் சாலை இரு திசைக்கும் சேர்த்துத் தாங்குவதே 900. ஒரே ஒரு கோபுரத் தொகுதி பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது.

அந்த 2000 காரும் நிலத்தடியில் நின்றால்? வளைவுப் பாதையும் சேர்த்து ஒரு காருக்கு 32 சதுர மீட்டர், தளத்துக்கு 3.5 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 2,24,000 கன மீட்டர் மண். தோண்டிய மண் உப்பி கால் பங்கு கூடும்: 2,80,000. 15 கன மீட்டர் ஏற்றும் ஹைவா டிப்பர் லாரியில் சுமார் 18,700 நடை, ஒரு இரவுக்கு 60 வீதம் 311 இரவு. இது ஈரக் களிமண், கனம் அதிகம். எடை வரம்பை மதித்தால் வண்டி நிரம்புமுன்னே நிறுத்தவேண்டியிருக்கும், நடை இன்னும் கூடும். கார் இடத்தைப் பாதியாக்கினால் காலைக் கார் 250 மிச்சம், ஹைவா ஒன்பதாயிரத்துக்கு மேல் மிச்சம். கட்டும்போதும் கட்டிய பிறகும் ஒரே முடிவு இரண்டு பக்கமும் வேலை செய்வது இங்கே மட்டும்தான்.

கார் இல்லாமல் எப்படிப் போவது என்ற கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. மெட்ரோ மூன்றாம் தடத்தின் தாராவி நிலையம் 2025 மே மாதம் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் தடம் கஃப் பரேடுவரை முழுதாயிற்று. சயான், மாஹிம், மாட்டுங்கா ரயில் நிலையங்கள் சுற்றிலும். நிலையத்துக்கு நடக்கிற வழி மட்டும் நனையாமல், தடுக்கி விழாமல் இருக்கவேண்டும். இந்த வழியின் பலவீனம் ஒன்று: கார் இடம் குறைத்துவிட்டுத் தெருவில் நிறுத்துவதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், நிலத்தடியில் நிற்கவேண்டிய கார் 60 அடி ரோட்டில் நிற்கும். கட்டணமும் இழுவை வண்டியும் இல்லாத கார் இடக் குறைப்பு பாதி மருந்து.

கட்டும் காலம் தனிக் கணக்கு

பத்தாண்டு, அதற்கு மேலும் நடக்கப்போகிற வேலை. இதை 'தற்காலிகம்' என்று ஒரு பக்கத்தில் முடிக்கும் அறிக்கையை ஏற்கக்கூடாது. ஆயிரம் கன மீட்டர் கான்கிரீட் அடித்தளம் போட 6 கன மீட்டர் மிக்ஸர் லாரி 167 வேண்டும். 20 மணி நேரத்தில் இடைவிடாமல் ஊற்றினால் மணிக்கு எட்டு ஒன்பது லாரி. வரவும் போக்கும் சேர்த்து 63 பி.சி.யு. அளவு. சாலை தாங்கும். தாங்காதது காத்திருப்பு. வாசலில் நான்கு மிக்ஸர் நின்றால் 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு தடம் காலி. ஆகவே நான்கு லாரி நிற்க மனைக்குள்ளேயே இடம் விடவேண்டும், கேட் உள்நோக்கித் திறக்கவேண்டும், சக்கரம் கழுவும் தொட்டி இருக்கவேண்டும். தொட்டி இல்லாவிட்டால் முதல் மழையில் சாலை சேறாகி பைக் வழுக்கும்.

கான்கிரீட் ஆலையை மனைக்குள் வைத்தால் லாரியே வராது என்பது பாதி உண்மை. ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் எப்படியும் வரவேண்டும். ஆனால் மிக்ஸர் ஒரு நடைக்கு 14 டன் சுமக்க, பெரிய டிப்பர் 25 டன்வரை சுமக்கும். நடை 40 சதவீதம் குறையும். முக்கியமாக, ஊற்றும் நேரத்துக்குக் கட்டுப்படாமல் நள்ளிரவில் வந்து கொட்டிவிட்டுப் போகலாம். தூசிக்கும் சத்தத்துக்கும் மூடிய கூடாரம் என்று நிபந்தனை போட்டு ஏற்கலாம்.

ஆட்சேபணை எழுதும்போது

போக்குவரத்து அறிக்கையின் வாகன எண்ணிக்கை எந்தத் தேதியில் எடுத்தது என்று பாருங்கள். சயான் பாலம் மூடியிருந்த காலத்தில் எடுத்ததை அடிப்படையாக வைத்தால் எல்லாத் திசையும் பொய் சொல்லும். மே மாதப் பள்ளி விடுமுறை, கணபதி வாரம், பொங்கல் வாரம் ஆகாது.

வேலை செய்யும் இடம் நடை தூரத்தில் இருப்பதால்தான் இவ்வளவு ஜனத்தொகையிலும் தாராவியின் பயணங்களில் பெரும்பகுதி காலால் நடக்கிறது. பட்டறையை ஓரிடத்துக்கும் வீட்டை வேறிடத்துக்கும் மாற்றினால் நேற்றுவரை நடந்தவர் நாளை பஸ்ஸிலோ பைக்கிலோ வருவார். தகுதி இல்லை என்று தாராவிக்கு வெளியே அனுப்பப்படுபவர் வேலைக்குத் திரும்பி வரும் பயணமும் அப்படித்தான். அறிக்கையில் இந்த மாற்றத்துக்கு ஒரு வரி உண்டா என்று தேடுங்கள்; இல்லையென்றால் எதிர்கால எண் எல்லாம் குறைத்து மதிப்பிட்டவை.

ஐந்தையும் வரிசைப்படுத்தச் சொன்னால்: சந்திப்பும் தெருவோர நிறுத்தத் தடையும் இந்த ஆண்டே; ஒருவழி ஜோடி, கைவண்டித் தடத்தோடு, ஆறு மாதச் சோதனையாக; கார் இடக் குறைப்பு, கட்டட வரைபடம் கையெழுத்தாகும் முன், ஏனென்றால் அதற்குப் பிறகு முடியாது; ரயில் கடக்கும் பாலங்கள் உடனே தொடக்கம். உள்சாலை அகலம் குழாய் பதிக்கும் வேலையோடு சேர்ந்து வரட்டும். தெருவின் மேலே ஓடும் மேம்பாலத்துக்கு, நம்பர் பிளேட் சர்வே வேறு விதமாகச் சொன்னாலொழிய, எங்கள் கை உயராது.

ஒப்புதல் நிபந்தனையில் சேர்க்கச் சொல்லவேண்டியது ஒரு வரி: விற்பனைக் கோபுரத்தின் குடியேற்றச் சான்றிதழ், அந்தப் பக்கத்து வாசல் திறந்த தேதிக்குப் பிறகுதான்.